எலியை எடை போட்டுப் பாருங்கள்!

யானை வந்தால் ஊரே பேசுகிறது. மேக்கரை, வடகரைப் பக்கம் ஒரு தோப்பில் நாலு தென்னையைச் சாய்த்துவிட்டுப் போனால், மறுநாள் காலையில் கடையநல்லூர் டீக்கடை முழுக்க அதே பேச்சுதான். காட்டுப்பன்றி வந்தாலும் அப்படித்தான். மனு எழுதுகிறோம், படம் பிடிக்கிறோம், இழப்பீடு கேட்கிறோம். ஆனால் எலி வெட்டிய வயலுக்கு யாரும் மனு எழுதுவதில்லை. "எலி கொஞ்சம் தின்னுட்டு, என்ன செய்ய?" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுகிறோம்.

போன பிசானத்தில், கருப்பாநதிக் கால்வாய்ப் பாசனத்தில் உள்ள ஒரு வயல் வரப்பில் நாங்கள் நாலைந்து பேர் நின்றுகொண்டிருந்தோம். பொறியில் ஓர் எலி மாட்டியிருந்தது. ஒருவர் சொன்னார்: "அண்ணாச்சி, இது முக்கா கிலோ தேறும்லா? பெருச்சாளியில்லா இது!" இன்னொருவர், "முக்கா கிலோவா? ஒரு கிலோ இருக்கும்வே" என்றார். பக்கத்துப் பம்புசெட் அறையில் விதை நிறுக்க வைத்திருந்த சின்னத் தராசு கிடந்தது. பையில் போட்டு நிறுத்தோம். 260 கிராம்! எல்லாரும் சிரித்துவிட்டோம். ஆனால் அந்தச் சிரிப்போடு விட்டுவிடக் கூடிய விஷயம் இல்லை இது. எலியின் அளவே நமக்குத் தெரியவில்லை என்றால், அதற்கு வைக்கிற பொறியும், கட்டுகிற வரப்பும், போடுகிற கணக்கும் எப்படிச் சரியாக இருக்கும்?

இந்தக் கட்டுரை சொல்ல வருவது ஒன்றுதான். எலியை விரட்டுவதற்கு முன்னால் எலியை அளந்து பாருங்கள். நீளமும் எடையும் தெரிந்தால், அது எந்த எலி என்று தெரியும். எந்த எலி என்று தெரிந்தால், விஷம் இல்லாமலே வழி தெரியும்.

எல்லாம் ஒரே எலி இல்லை

நம் பக்கம் வளையை வங்கு என்றும் சொல்வோம். அந்த வங்கில் இருப்பதெல்லாம் நமக்கு 'எலி', கொஞ்சம் பெரிசாக இருந்தால் 'பெருச்சாளி', அவ்வளவுதான். ஆனால் கடையநல்லூரைச் சுற்றியுள்ள நன்செய், புன்செய் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், மண்ணைத் தோண்டி வாழும் எலிகள் குறைந்தது ஐந்து வகை உண்டு. கீழே சொல்கிற அளவுகள் வளர்ந்த எலிகளுக்கு. உடல் நீளம் என்றால் மூக்கு நுனியிலிருந்து ஆசனவாய் வரை, வாலைச் சேர்க்காமல்.

வரப்பெலி: நெல் வயலில் நமக்கு முதல் எதிரி இதுதான். உடல் நீளம் 15 முதல் 23 செ.மீ., எடை 200 முதல் 300 கிராம். நல்ல தீனி கிடைத்த கிழட்டு ஆண் எலி அதற்கு மேலும் போகும். வால் உடலைவிடக் குட்டை. அகன்ற முகம், முரட்டு மயிர், அழுக்குப் பழுப்பு நிறம். பிடித்தால் முதுகு மயிரைச் சிலிர்த்துக்கொண்டு உறுமும். பலரும் பெருச்சாளி என்று நினைப்பது இதைத்தான்.

பெருச்சாளி: அரை கிலோவில் தொடங்கி ஒரு கிலோ வரைக்கும் போகக்கூடியது. உடல் மட்டுமே 25 செ.மீ.க்கு மேல் இருக்கும். வயலைவிட வீட்டுப் பின்புறம், மாட்டுத் தொழுவம், கிணற்றடி, சாக்கடை ஓரம், எருக்குழி இவைதான் இதற்குப் பிடித்த இடம்.

வெள்ளெலி: சங்கரன்கோவில் பக்கம் போகிற வழியில் உள்ள செவல் காட்டிலும், மானாவாரி நிலத்திலும் பார்க்கலாம். உடல் 15 முதல் 19 செ.மீ., எடை 100 முதல் 200 கிராம். மணல் நிற முதுகு, வெள்ளை வயிறு, பெரிய கண், நீண்ட பின்னங்கால். வால் உடலைவிட நீளம், நுனியில் கறுப்புக் குஞ்சம். ஓடுவதைவிடத் தாவுவதில் கெட்டி. கடலை, சோளம், பயறு விதைத்தால் முதலில் வந்து நிற்பது இது.

புல் எலி: உடல் 10 முதல் 15 செ.மீ., எடை பெரும்பாலும் 50 முதல் 80 கிராம். பட்டு மாதிரி மென்மையான மயிர், வெளுத்த வயிறு. நன்செயிலும் புன்செயிலும் இருக்கும். ஆழமாகத் தோண்டத் தெரியாது. வெடித்த மண், கல்லிடுக்கு, புல் புதர் இவற்றையே வீடாக்கிக்கொள்ளும்.

வயல் சுண்டெலி: உடல் 6, 7 செ.மீ.தான். எடை 10 கிராம் அளவு. இரண்டு ஐந்து ரூபாய் நாணயத்தைக் கையில் வைத்துப் பாருங்கள், ஏறத்தாழ அவ்வளவுதான் கனம்.

இப்போது கணக்கைப் பாருங்கள். ஒரு வரப்பெலியின் எடைக்கு இருபத்தைந்து சுண்டெலி வேண்டும். இரண்டையும் 'எலி' என்று ஒரே பெயரில் கூப்பிட்டு, ஒரே பொறியை வைத்தால் எப்படி?

கைப்பேசியில் தேடுகிற இளைஞர்களுக்கு ஒரு சொல். 'பாண்டிகூட்' என்று தேடினால் ஆஸ்திரேலியாவில் உள்ள, குட்டியைப் பையில் சுமக்கிற ஒரு விலங்கின் படமும் அளவும் வந்து நிற்கும். அது எலியே இல்லை. தெலுங்கில் பெருச்சாளியைப் பந்திக்கொக்கு, அதாவது பன்றி எலி என்பார்கள். அந்தச் சொல்லை வெள்ளைக்காரர்கள் எடுத்துக்கொண்டு போய், அங்கே கண்ட வேறொரு விலங்குக்கும் வைத்துவிட்டார்கள். அந்த அளவை எடுத்து நம் வயலுக்குப் பொருத்தாதீர்கள்.

அளப்பது எப்படி?

பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஓர் அளவுகோல், கிராம் காட்டும் சின்னத் தராசு, கையுறை, கெட்டியான பை, ஒரு நோட்டு. இவ்வளவு போதும்.

செத்த எலியைத்தான் அளக்க வேண்டும். வெறுங்கையால் தொடாதீர்கள். எலியின் சிறுநீர் வழியாகப் பரவும் எலிக்காய்ச்சல் (லெப்டோஸ்பைரோசிஸ்) உழவர்களுக்கு வரக்கூடிய நோய். கையில் காலில் வெட்டுக்காயம் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். வயலில் இறங்கிய சில நாளில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால் மருத்துவரிடம் போய், எலி உள்ள வயலில் வேலை செய்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

எலியை மல்லாக்கக் கிடத்தி நேராக நீட்டுங்கள். மூக்கு நுனியிலிருந்து ஆசனவாய் வரை உடல் நீளம். அங்கிருந்து வால் நுனி வரை வால் நீளம். பின்னங்கால் பாதத்தைக் குதிகாலிலிருந்து நீளமான விரலின் நுனி வரை, நகத்தை விட்டுவிட்டு அளங்கள். பிறகு எடை. தேதி, இடம் (வரப்பா, குளக்கரையா, தோப்பா), ஆணா பெண்ணா, இவற்றையும் எழுதுங்கள்.

பாதத்தை ஏன் அளக்க வேண்டும்? அதில்தான் சூட்சுமம் இருக்கிறது. 70 கிராம் எலி ஒன்று கிடைக்கிறது. அது வளர்ந்த புல் எலியா, வரப்பெலிக் குட்டியா? எடையை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். எலிக்குட்டிக்கு உடம்பு வளர்வதற்கு முன்பே பாதம் வளர்ந்துவிடும். பாதம் 3 செ.மீ.யைத் தாண்டினால் வரப்பெலிக் குட்டி என்று எடுத்துக்கொள்ளலாம். இரண்டரை செ.மீ. அளவில், மயிரும் மென்மையாக இருந்தால் புல் எலி. கன்றுக்குட்டியின் கால் முட்டியைப் பார்த்தே "இது பெரிய மாடா வரும்" என்று சொல்கிறோமே, அதே கணக்குதான்.

வால் இன்னொரு அடையாளம். மண்ணுக்குள்ளேயே வாழும் வரப்பெலிக்கு நீண்ட வால் தேவையில்லை. மரம் ஏறுகிற எலிக்குச் சமநிலை பிடிக்க நீண்ட வால் வேண்டும். தென்னங்குரும்பையைக் குடைகிற எலியின் வால் உடலைவிட நீளம். அது வங்கு தோண்டும் எலி இல்லை, மரத்திலேயே கூடு வைக்கும் எலி. அதனால் தோப்பில் இளநீர் குடைபட்டுக் கிடந்தால் வரப்பில் பொறி வைத்துப் பயனில்லை. ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே மரத்தைச் சுற்றி முக்கால் முழ அகலத்துக்கு வழவழப்பான தகரம் அடியுங்கள். ஒரு மரத்தின் மட்டை அடுத்த மரத்தில் உரசிக்கொண்டிருந்தால் அந்தத் தகரமும் வீண். வெள்ளெலிக்கும் வால் நீளம்தான், ஆனால் குஞ்சமும் பின்னங்காலும் அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

வங்கின் வாய் சொல்லும் சேதி

எலி கையில் கிடைக்காவிட்டாலும் வங்கின் வாயை அளக்கலாம். எலி தன் உடம்பு நுழையும் அளவுக்குத்தான் தோண்டும். வீணாக ஒரு பிடி மண்ணைக்கூட வெளியே தள்ளாது.

வாய் 6 முதல் 8 செ.மீ., அதாவது மூன்று நான்கு விரல் அகலம் என்றால் வரப்பெலி. வாயில் புது மண் குவிந்து, உள்ளிருந்து அடைத்தபடி இருக்கும். வரப்பெலி பகலில் வாசலை மூடிக்கொண்டு படுக்கிற ஜாதி. வெள்ளெலி வங்கு அதைவிடக் குறுகல், பெரும்பாலும் வாய் திறந்தே கிடக்கும். இரண்டு விரல் நுழையும் அளவு என்றால் புல் எலி. ஒரு விரல் அளவு, பக்கத்தில் பொடி மண் உருண்டைகள் என்றால் சுண்டெலி.

விரல் அளவு என்று சொன்னேனே தவிர, விரலை உள்ளே விடாதீர்கள்! எலி இருக்கும் வங்கில் எலியைத் தேடிப் பாம்பும் வரும். குச்சியை வாயின் குறுக்கே வைத்து அளந்தால் போதும்.

நண்டு வளையோடு குழப்பிக்கொள்ளவும் வேண்டாம். நண்டு வளை நீர்மட்டத்தை ஒட்டியிருக்கும். வாயைச் சுற்றி ஈரச் சேற்று உருண்டை இருக்கும். வெட்டிய தூரோ, கதிரோ, புழுக்கையோ கிடக்காது.

இன்னொரு முக்கியமான விஷயம். வரப்பெலி தனியாக வாழ்வது. குட்டி போட்ட தாயைத் தவிர, ஒரு வங்கில் பெரும்பாலும் ஒரு பெரிய எலிதான் இருக்கும். இன்னொன்று நுழைந்தால் சண்டைதான். அதனால் உயிருள்ள வங்குகளை எண்ணினால் எலிகளை எண்ணிய மாதிரி. சாயங்காலம் வரப்பில் உள்ள எல்லா வாயையும் மண்ணால் மூடுங்கள். காலையில் எது திறந்திருக்கிறதோ, எதில் புது மண் தள்ளியிருக்கிறதோ, அதுதான் ஆள் இருக்கிற வீடு. ஒரே வங்குக்கு இரண்டு மூன்று வாய் இருக்கலாம், அதையும் சேர்த்துப் பாருங்கள். முப்பது ஓட்டை இருக்கிற வரப்பில் எட்டு எலிதான் இருக்கிறது என்று தெரிந்தால், பாதிப் பயம் போய்விடும்.

எடை சொல்லும் கணக்கு

இந்த மாதிரி எலிகள் ஒரு நாளைக்குத் தன் எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு தானியம் தின்னும். 250 கிராம் வரப்பெலிக்கு 25 கிராம் நெல். கேட்கக் கொஞ்சமாகத்தான் இருக்கிறது. கதிர் வந்ததிலிருந்து அறுப்பு வரை ஒரு மாதம் என்று வைத்தால் 750 கிராம். ஆனால் வரப்பெலி தின்பதோடு நிற்காது, சேமிக்கும். அறுப்பு முடிந்து வங்கை வெட்டினால் ஒன்றிரண்டு கிலோ கதிர் கிடைப்பது நம் ஊரில் புதிதல்ல. அதையும் சேர்த்தால் ஓர் எலிக்கு இரண்டரைக் கிலோ. ஏக்கருக்கு இருபது எலி என்று வைத்துக்கொள்வோம். ஐம்பது கிலோ ஆயிற்று.

அதைவிடப் பெரிய நஷ்டம் பொதிப் பருவத்தில். அப்போது தானியம் இல்லை. தண்டுக்குள் இருக்கிற இளங்குருத்துக்காகத் தூரைச் சாய்வாக, கத்தியால் சீவியது போல் வெட்டும். வெட்டியதில் கொஞ்சம்தான் தின்னும், மீதி அப்படியே கிடக்கும். நட்டுக் கொஞ்ச நாளில் வெட்டினால் பயிர் மறுபடி தூர் கட்டிச் சமாளித்துக்கொள்ளும். பொதியில் வெட்டினால் போன தூர் போனதுதான், அந்தக் கதிர் வராது. ஒரு கதிரில் இரண்டு மூன்று கிராம் நெல் என்று கொள்ளுங்கள். இரவுக்கு இருபது தூர் வீதம் பதினைந்து இரவு வெட்டினால், ஓர் எலியாலேயே முக்கால் கிலோ போச்சு. இருபது எலிக்குப் பதினைந்து கிலோ. முன்னால் சொன்ன ஐம்பதோடு சேர்த்தால் கிட்டத்தட்ட ஒரு மூட்டை.

சுண்டெலிக்கு இதே கணக்கைப் போடுங்கள். பத்து கிராம் எலி, நாளைக்கு ஒன்றிரண்டு கிராம். அது தூரை வெட்டிச் சாய்க்காது. நாற்றங்கால் விதையிலும், களத்து மூலையிலும் கொஞ்சம் பொறுக்கும். அதற்காக இரவெல்லாம் தூக்கம் கெட வேண்டியதில்லை. உங்கள் வயலில் எது அதிகம் என்பது அளந்தால்தான் தெரியும்.

நோட்டில் எழுதிய எடை இன்னொன்றும் சொல்லும். கிடைக்கிற வரப்பெலிகளில் பாதிக்கு மேல் நூறு கிராமுக்குக் கீழே என்றால், வயலில் குட்டி போடுவது நடந்துகொண்டிருக்கிறது என்று பொருள். வரப்பெலிக்குச் சினைக்காலம் சுமார் மூன்று வாரம். ஒரு ஈற்றில் ஐந்து முதல் எட்டுக் குட்டி சாதாரணம். அந்தக் குட்டிகளும் மூன்று மாதத்தில் குட்டி போடத் தயார். நடவுக்கு முன்னால் பிடித்த ஒரு பெண் எலி, அறுப்புக்கு முன்னால் பிடித்த பத்து எலிக்குச் சமம்.

விஷம் ஏன் தோற்கிறது?

எந்த மருந்துக்கும் அளவு உடல் எடையைப் பொறுத்தது. குழந்தைக்கு அரை மாத்திரை, பெரியவருக்கு ஒரு மாத்திரை. எலிக்கும் அதேதான். பத்துக் கிராம் சுண்டெலியைக் கொல்கிற துளி, முந்நூறு கிராம் வரப்பெலிக்கு வயிற்றுவலி மட்டும்தான் தரும். எலி புதுத் தீனியை ஒரேயடியாகத் தின்னாது. கொஞ்சம் கடித்துப் பார்க்கும். வயிறு வலித்துப் பிழைத்துக்கொண்டால், பிறகு அந்த மருந்தைத் திரும்பிக்கூடப் பார்க்காது. "மருந்து வச்சேன், ரெண்டு நாள் செத்துச்சு, அப்புறம் ஒண்ணும் காணோம்" என்று கேட்கிறோமே, அதன் காரணம் இதுதான். செத்தது சின்னது. பிழைத்தது பெரியது, அதுவும் பாடம் படித்த பெரியது.

எலிக்கு வைக்கும் துத்தநாக பாஸ்பைடு வயிற்றில் உள்ள அமிலத்தோடு சேர்ந்து விஷவாயுவாக மாறுகிறது. அதற்கு மாற்று மருந்து கிடையாது. கோழி தின்றாலும், நாய் தின்றாலும், வீட்டுக் குழந்தை தெரியாமல் கையை வாயில் வைத்தாலும் அதேதான். ரத்தம் உறையாமல் செய்கிற மருந்துகளோ உடனே கொல்வதில்லை. தின்ற எலி சில நாள் தள்ளாடிக்கொண்டு வெளியே திரியும். அப்போது அதைப் பிடிப்பது சுலபம். யாருக்கு? நமக்காக வேலை செய்கிற கூகைக்கு! மலேசியாவில் எண்ணெய்ப் பனைத் தோட்டங்களில் எலியைப் பிடிக்கக் கூகைக்குக் கூடு வைத்து வளர்க்கிறார்கள். கடுமையான எலி மருந்து வைத்த தோட்டங்களில் அந்தக் கூகைகளே குறைந்துபோனது அங்கே பதிவாகியிருக்கிறது. சம்பளம் வாங்காத காவல்காரனை நாமே கொன்றுவிட்டு, மறு வருஷம் இன்னொரு பொட்டலம் மருந்து வாங்குகிறோம்.

எலிக்குச் சிமெண்டு கலந்த மாவு வைப்பது போன்ற கைவைத்தியங்களையும் விட்டுவிடுங்கள். வதைப்பது தவிர அதில் பலன் இல்லை.

அளவுக்கு ஏற்ற வழி

வரப்பு: வரப்பெலிக்கு நடக்கும் வழி, படுக்கும் அறை, கதிர் சேமிக்கும் அறை எல்லாம் வேண்டும். மூன்று நான்கு விரல் அகலச் சுரங்கமும், அதைவிடப் பல மடங்கு பெரிய அறைகளும் அமைக்க அகலமான வரப்பு தேவை. ஒரு முழ (45 செ.மீ.) அகலம், ஓரடி (30 செ.மீ.) உயரத்துக்கு மேல் போகாத வரப்பில் அதற்கு வீடு கட்ட இடம் போதாது. மூன்றடி அகல வரப்பு வைத்து, அதில் புல்லும் மண்ட விட்டால் நாமே பங்களா கட்டிக் கொடுத்தது போல. துவரை, தட்டைப்பயறு போட வரப்பு அகலம் வேண்டும் என்கிறவர்கள், அந்த வரப்பை ஒவ்வொரு பருவத்துக்கும் வெட்டிப் பூசுங்கள்.

பொறி: தஞ்சாவூர்ப் பக்கத்தில் மூங்கிலை வில்லாக வளைத்துச் செய்யும் கிட்டியை நம் பக்கமும் செய்யலாம். எலியின் கழுத்து மாட்டினால் நொடியில் முடிந்துவிடும். வில்லின் விறைப்பு வரப்பெலியின் எடைக்கு ஏற்ற மாதிரி இருக்க வேண்டும். தளர்ந்த வில்லில் 250 கிராம் எலி இழுத்துக்கொண்டு போய்விடும். பொரியோ ஊறிய நெல்லோ வைத்து, வரப்பை ஒட்டி, எலி நடக்கும் தடத்தில் வையுங்கள். முதல் இரண்டு நாள் பொறியை ஏற்றாமல் தீனி மட்டும் வைத்தால், புதுப் பொருளைக் கண்டு ஒதுங்குகிற எலிக்கும் பயம் தெளியும். கூண்டு வைப்பதென்றால் வரப்பெலி வாலோடு உள்ளே நுழைந்த பிறகு கதவு விழும் நீளம் வேண்டும். வால் மாட்டிக் கதவு மூடாமல் தப்பிய எலி மறுபடி கூண்டுப் பக்கம் வராது. மண்ணில் பானையைப் புதைத்து வைக்கும் பொறி சுண்டெலிக்கும் புல் எலிக்கும் சரி. வரப்பெலியும் வெள்ளெலியும் எம்பிக் குதித்துவிடும்.

சேமிப்பு அறை: எலிக்கு மண்டை நுழைந்தால் உடம்பு நுழைந்துவிடும். அரை அங்குல இடைவெளி இருந்தால் இளம் எலிக்குப் போதும், சுண்டெலிக்குக் கால் அங்குலமே தாராளம். விதைநெல் வைக்கும் அறையின் ஜன்னலுக்குக் கால் அங்குலத்துக்கும் குறைந்த கண் உள்ள கம்பி வலை அடியுங்கள். பென்சில் நுழைகிற இடுக்கு எதையும் விடாதீர்கள்.

கூகையும் ஆந்தையும்: பயிருக்கு மேல் மூன்று நான்கு அடி உயரம் நிற்கும்படி 'T' வடிவில் குச்சி நடுங்கள், அல்லது தென்னை மட்டையைத் தலைகீழாக நடுங்கள். இரவில் கூகை வந்து உட்காரும். அது எலியை அப்படியே விழுங்கி, எலும்பையும் மயிரையும் உருண்டையாகக் கக்கும். குச்சியடியில் அந்த உருண்டையைக் கண்டால் சந்தோஷப்படுங்கள். இதிலும் எடைக்கு வேலை இருக்கிறது. கூகையே அரை கிலோவுக்குள்தான் இருக்கும். அதனால் 300 கிராம் கிழட்டு வரப்பெலியைவிட, குட்டிகளும் இளசுகளும் புல் எலியும்தான் அதற்குத் தோதான இரை. ஆக, பெரியதைப் பொறிக்கு விடுங்கள், சின்னதைக் கூகைக்கு விடுங்கள். இரண்டும் சேர்ந்தால்தான் வேலை முடியும். பால் பிடிக்கும் சமயத்தில் குச்சிகளைப் பிடுங்கிவிடுங்கள், இல்லாவிட்டால் பகலில் தானியம் தின்கிற பறவைகள் உட்கார்ந்துகொள்ளும்.

கொல்லக் கூடாதவை

அளந்து பழகினால் இன்னொரு நன்மையும் உண்டு. எலி அல்லாததை எலி என்று கொல்ல மாட்டோம்.

மூஞ்சூறு எலி இனமே இல்லை. நீண்ட கூர்மூக்கு, பொட்டு மாதிரிக் கண், கிட்டப் போனால் ஒரு நெடி. அது தின்பது பூச்சி, புழு, கரப்பான். செவல் காட்டில் உள்ள முள்ளெலியும் அப்படித்தான், பெயரில்தான் எலி. உடம்பெல்லாம் முள், தொட்டால் பந்தாகச் சுருண்டுகொள்ளும். வண்டும் புழுவும்தான் அதன் தீனி. கக்குவான் இருமலுக்கு முள்ளைச் சுட்டுக் கொடுப்பது என்று சொல்லிப் பிடித்தே அதைக் குறைத்துவிட்டார்கள். கண்டால் விட்டுவிடுங்கள். நம் இரண்டு பேருக்கும் எதிரி ஒன்றுதான், பயிரைத் தின்கிற பூச்சி.

சாரைப்பாம்பையும் அடிக்காதீர்கள். கூகை நுழைய முடியாத வங்குக்குள்ளும் நுழைந்து எலியைப் பிடிக்கிற ஆள் பாம்பு.

கோடையில் தொடங்குங்கள்

எப்போது பிடிப்பது? பயிர் நிற்கும்போது எலிக்கு எங்கு பார்த்தாலும் தீனி, பொறியில் உள்ள பொரி எதற்கு? பிசான அறுப்பு முடிந்து, கார் நடவுக்கு முன்னால், வயல் காய்ந்து கிடக்கிற கோடைதான் சரியான நேரம். அப்போது வயலில் தீனி இல்லாமல் எலிகள் குளக்கரை, கால்வாய்க் கரை, தோப்பு ஓரம் என்று ஒதுங்கி நிற்கும். பசியோடும் இருக்கும். தென்மேற்குப் பருவமழை இறங்கி, கருப்பாநதி அணையில் தண்ணீர் ஏறி, மடை திறந்துவிட்டால் அவையெல்லாம் மறுபடி வரப்புக்கு வந்துவிடும்.

ஒருவர் மட்டும் பிடித்துப் பயன் இல்லை. என் வயலில் காலியான வங்குக்கு அடுத்த வயல் எலி குடிவரும். ஒரே மடையில் பாயும் வயல்காரர்கள் ஒரு வாரம் சேர்ந்து இறங்க வேண்டும். செங்கல்பட்டு, திருவள்ளூர்ப் பக்கத்து இருளர்கள் புது மண்ணைப் பார்த்தே எலி எந்த வாயில் இருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். அந்தக் கண் நமக்கும் ஒரு காலத்தில் இருந்ததுதான். நம் ஊரிலும் எலி பிடிக்கத் தெரிந்த பெரியவர்கள் இருக்கிறார்கள். கூப்பிட்டு, உரிய கூலி கொடுத்து, பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ளுங்கள்.

முதல் நாள் சாயங்காலம் ஓட்டைகளை மூடுங்கள். மறுநாள் உயிருள்ள வங்குகளை எண்ணுங்கள். பிடிபட்டதை அளந்து நோட்டில் எழுதுங்கள். ஒரு வாரம் கழித்து மறுபடி மூடி, மறுபடி எண்ணுங்கள். இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், நாம் செய்தது வேலை செய்ததா இல்லையா என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை.

அடுத்த தடவை வரப்பில் ஓர் எலியைப் பிடித்து, "இது ஒரு கிலோ இருக்கும்வே" என்று யாராவது சொன்னால், தராசை எடுத்து நீட்டுங்கள். அந்த இருநூற்றுச் சொச்சம் கிராமைப் பார்த்த பிறகு, அவரும் விஷப் பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டுக் கிட்டி செய்ய மூங்கில் தேடுவார்.